பென்டிரைவ்ல இருந்து ஓஎஸ் போடுறவங்க, டிஸ்க்க ரெண்டு தடவ பாத்துட்டு கை வைங்க

ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேர்) போடுறது இப்பல்லாம் பெரிய வேலையே இல்ல, ஆனா அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியத பாக்காம நேரா இன்ஸ்டால அமுக்குனா தான் வினையே. ரெண்டு டிஸ்க் இருந்த ஒரு கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போடும்போது நான் அவசரத்துல தப்பான டிஸ்க்க செலக்ட் பண்ணிட்டேன், அதுல இருந்த அஞ்சு வருஷத்து குடும்ப போட்டோ அத்தனையும் போயிருச்சு, ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டும் பாதி தான் திரும்ப கிடைச்சுது. இன்னொருத்தருக்கு அப்படி ஆகக்கூடாதுன்னு தான் எழுதுறேன்.

மொதல்ல பேக்கப். சி டிரைவ்ல இருக்கறத டி டிரைவுக்கு காப்பி பண்றது பேக்கப் கிடையாதுங்க, பாதி பேர் லேப்டாப்ல அது ரெண்டும் ஒரே டிஸ்க் தான், டிஸ்க்க அழிச்சா ரெண்டுமே சேந்து போகும். வெளிய இருக்க ஒரு ஹார்ட் டிஸ்க்ல போடுங்க, போட்டுட்டு நாலு ஃபைல தொறந்து பாருங்க. விண்டோஸ் 11ல நிறைய லேப்டாப்ல நமக்கே தெரியாம டிஸ்க் என்கிரிப்ட் ஆகி (பூட்டு போட்ட மாதிரி) இருக்கும், பயாஸ்ல, அதாவது ஓஎஸுக்கு முன்னாடி வர செட்டிங்ஸ்ல, ஏதாவது மாத்துனா அந்த பூட்ட தொறக்க 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேக்கும், பழைய விண்டோஸயும் வச்சுக்கிட்டு பக்கத்துல லினக்ஸ் போட போறவங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல போயி அந்த கீய எழுதி வச்சுட்டு ஆரம்பிங்க.

பென்டிரைவ் 8 ஜிபிக்கு மேல இருந்தா போதும், அதுல இருக்கறது எல்லாம் அழிஞ்சிரும்ங்கறத மட்டும் மறக்காதீங்க. ஐஎஸ்ஓ ஃபைல (இன்ஸ்டால் பண்ண வேண்டியது மொத்தமும் இருக்க ஒரே ஃபைல்) அந்த ஓஎஸோட சொந்த சைட்ல இருந்து மட்டும் இறக்குங்க. லினக்ஸ்னா அங்கயே ஷா256 நம்பர் (ஃபைலோட கைரேகை மாதிரி) குடுத்திருப்பாங்க, விண்டோஸ்ல கமாண்ட் அடிக்கற பவர்ஷெல்ல கெட்-ஃபைல்ஹேஷ்னு (Get-FileHash) போட்டு ஃபைல் பேர குடுத்தா வர நம்பரும் அதுவும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, டவுன்லோடு அரைகுறையா இருந்து பாதி இன்ஸ்டால்ல நிக்கறதுக்கு இந்த ஒரு நிமிஷம் எவ்வளவோ பரவால்ல. ஐஎஸ்ஓவ அப்படியே பென்டிரைவ்ல காப்பி பேஸ்ட் பண்ணா பூட் ஆகாது, ரூஃபஸ் மாதிரி பூட் ஆகுற பென்டிரைவ் செய்யற சாஃப்ட்வேர் ஒண்ணு வச்சு எழுதணும். புது மெஷின்னா அதுல ஜிபிடி (டிஸ்க்க பிரிக்கற புது முறை), யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்கு பதிலா வந்தது) ரெண்டையும் செலக்ட் பண்ணி ஸ்டார்ட் குடுங்க, மத்ததெல்லாம் அது இருக்கபடியே இருக்கட்டும்.

அடுத்து ரீஸ்டார்ட் பண்ணி எதுல இருந்து ஸ்டார்ட் ஆகணும்னு கேக்கற பூட் மெனுவோட கீய தட்டிக்கிட்டே இருக்கணும். டெல், லெனோவோல பெரும்பாலும் எஃப்12, எச்பில எஃப்9, ஏசஸ்ல எஸ்கேப். பென்டிரைவ் பேர் சில நேரம் ரெண்டு தடவ காட்டும், யுஇஎஃப்ஐன்னு முன்னாடி போட்டிருக்கறத எடுங்க, இன்னொண்ண எடுத்துட்டு போனா கடைசில இந்த டிஸ்க்ல போட முடியாதுன்னு விண்டோஸ் நின்னுரும். லினக்ஸ்னா உடனே இன்ஸ்டால் பண்ணாம, ட்ரைன்னு இருக்கறத செலக்ட் பண்ணி பென்டிரைவ்ல இருந்தே ஓட்டி பாருங்க, வைஃபை, சவுண்டு, டச்பேட் எல்லாம் வேல செய்யுதான்னு டிஸ்க்க தொடாமலே தெரிஞ்சிரும்.

இப்ப தான் நான் கோட்ட விட்ட இடம். டிஸ்க் லிஸ்ட் வரும், விண்டோஸ்ல டிஸ்க் 0, டிஸ்க் 1னும் லினக்ஸ்ல எஸ்டிஏ, என்விஎம்இன்னும் காட்டும், அந்த பேர நம்பாதீங்க, சைஸ பாருங்க. 500 ஜிபி டிஸ்க் விண்டோஸ்ல 465னு தான் தெரியும், அத பாத்து குழம்ப வேணாம். ரெண்டு டிஸ்க்கும் ஒரே சைஸ்னா கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி, வேணாத டிஸ்க்கோட கேபிள கழட்டி வச்சுட்டு மறுபடி ஆரம்பிங்க, நான் இப்ப எல்லா தடவயும் அப்படி தான் பண்றேன். பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கும் அந்த நேரம் மாட்டி இருக்கக்கூடாது. மொத்தமா புதுசா போடணும்னா விண்டோஸ்ல அந்த டிஸ்க்கோட பார்டிஷன் (டிஸ்க்க பிரிச்சு வச்சிருக்க பகுதி) எல்லாத்தயும் டெலிட் பண்ணி, காலி இடமா ஒண்ணு மட்டும் மிஞ்சுனதும் நெக்ஸ்ட் குடுங்க, தேவையான பார்டிஷன அதுவே போட்டுக்கும். லிஸ்ட்ல டிஸ்க்கே காட்டலன்னா பயப்படாதீங்க, புது இன்டெல் லேப்டாப்ல இது சகஜம், லேப்டாப் கம்பெனி சைட்ல இருக்க ஸ்டோரேஜ் டிரைவர பிரிச்சு பென்டிரைவ்ல போட்டுட்டு வந்து லோட் டிரைவர் குடுத்தா தெரிய ஆரம்பிச்சிரும்.

ஃபைல் காப்பி முடிஞ்சு மொத தடவ ரீஸ்டார்ட் ஆகும்போது பென்டிரைவ கழட்டிருங்க, இல்லன்னா திரும்ப மொதல்ல இருந்தே ஆரம்பிக்கலாம். வைஃபை வரலன்னா ஆண்ட்ராய்டு போன கேபிள்ல மாட்டி யுஎஸ்பி டெதரிங் (போன் நெட்ட கம்ப்யூட்டருக்கு குடுக்கறது) ஆன் பண்ணுங்க, நெட் வந்ததும் டிரைவர் எல்லாம் இறக்கிக்கலாம். பேக்கப்ப உடனே அழிச்சிராதீங்க, எல்லாத்தயும் திரும்ப காப்பி பண்ணி ஒரு வாரம் ஓட்டி பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.