பெங்களூரு வெயில்ல தோல் சீக்கிரம் வயசாகாம இருக்க என்ன சாப்பிடணும்

பெங்களூரு வந்த புதுசுல எல்லாரும் சொல்றது, இங்க வெயிலே தெரியலன்னு. காத்து ஜில்லுன்னு இருக்கு, ஆனா ஊரு 900 மீட்டர் உயரத்துல இருக்குங்க, உயரம் கூடக்கூட வெயில்ல இருக்க யூவியும் (கண்ணுக்கு தெரியாத புற ஊதாக் கதிர்) கூடும். சென்னைல வேர்த்து ஊத்தும், நாமளே நிழல தேடி ஒதுங்கிடுவோம், இங்க மத்தியானம் 12 மணிக்கும் நம்ம பாட்டுக்கு ஸ்கூட்டர்ல போயிட்டு இருக்கோம். எங்க வீட்டுக்காரர் 8 வருஷமா ஒயிட்ஃபீல்டுக்கு கார்ல போறாரு, ரெண்டு கையையும் சேத்து வச்சு பாத்தா ஜன்னல் பக்கத்து வலது கை மட்டும் கருத்து, மணிக்கட்டுக்கு மேல பொடிப்பொடி சுருக்கம். கண்ணாடி ஏத்தி விட்டாலும் யூவில ஒரு வகையான யூவிஏ உள்ள வரும், தோலுக்கு அடியில போயி, தோல இறுக்கமா வச்சிருக்க கொலாஜன்ங்கிற புரதத்த உடைக்கும்.

சாப்பாட்டுல முதல்ல தக்காளி. அதுக்கு சிவப்பு நிறம் குடுக்கற லைகோபீன் பச்சையா தின்னா உடம்புல சரியா சேராது, எண்ணெய் விட்டு வதக்கணும். ஜெர்மனில 2001ல வந்த ஒரு ஆய்வுல தினம் 40 கிராம் தக்காளி பேஸ்ட்ட ஆலிவ் எண்ணெயோட 10 வாரம் சாப்பிட்டவங்களுக்கு யூவி பட்டு தோல் சிவக்கிறது சுமார் 40% கம்மியா இருந்துச்சு. நமக்கு பேஸ்ட் எதுக்கு, தொக்கு இருக்கே! அரை கிலோ நாட்டு தக்காளி, நல்லெண்ணெய், கடுகு, நிறம் நல்லா இறங்கி எண்ணெய் ஓரத்துல பிரியற வரைக்கும் சிம்ல விடுங்க, உப்பு மட்டும் கம்மியா போடுங்க.

வைட்டமின் சி இல்லாம உடம்பு கொலாஜன் கட்டாது. இதுக்கு நெல்லிக்காயும் கொய்யாவும் போதும் (கொய்யாவ வண்டிக்காரர்கிட்ட கன்னடத்துல சீபே ஹண்ணுன்னு கேளுங்க), ஆரஞ்ச விட கொய்யால பல மடங்கு ஜாஸ்தி. சூட்டுல அழிஞ்சிடும், அதனால இத பச்சையாத்தான் சாப்பிடணும்.

முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி பீட்டா கரோட்டினுக்கு (உடம்புல வைட்டமின் ஏவா மாறற நிறமி). கீரை பொரியல்ல தேங்காய் போட்டா நல்லா சேரும். வேர்க்கடலை ஒரு கைப்பிடி வைட்டமின் ஈக்கு, மீன் சாப்பிடறவங்க வாரம் ரெண்டு நாள் மத்தி.

ரெண்டு விஷயம் ப்ளீஸ் பண்ணாதீங்க. எலுமிச்சை சாற முகத்துல தேச்சிட்டு வெளிய போகாதீங்க, அந்த சாறு பட்ட இடத்துல வெயில் பட்டா தோல் வெந்து கொப்பளிச்சு கருந்தழும்பு விழும், மாசக்கணக்குல போகாது. சிகரெட் பிடிக்கறவங்க பீட்டா கரோட்டின் மாத்திரை எடுக்கக்கூடாது, நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுதுன்னு 1994லயே பின்லாந்து ஆய்வுல வந்துடுச்சு. கேரட்டா சாப்பிட்டா பயமில்ல.

இதெல்லாம் நாலு நாள்ல தெரியாது, குறைஞ்சது ரெண்டரை மாசம் விடாம சாப்பிடணும், அப்பவும் சன்ஸ்க்ரீனுக்கு பதிலா ஆகாது. கார்ல போறவங்க கைக்கும் போடுங்க, எங்க வீட்ல இப்ப ட்யூப் சாவி மாட்டற இடத்துலயே தான் இருக்கு.