மோந்தூஸ் ஒயினை அடையாளம் காணும்போது மிளகு வாசத்தை மட்டும் நம்பாதீர்கள்

பாட்டிலைத் துணியில் சுற்றி, பெயர் தெரியாமல் ஊற்றித் தருகிறார்கள். முகர்ந்ததும் மிளகு வாசம். உடனே 'சிரா' என்று, அதாவது வேறொரு சிவப்பு ஒயின் திராட்சையின் பெயரை, எழுதிவிடுகிறோம். மோந்தூஸ் தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

மோந்தூஸ், பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையடிவாரமான சவுவாவின் சிவப்பு ஒயின் திராட்சை. ஷாம்பெரி நகருக்குப் பக்கத்திலுள்ள ஆர்பன் கிராமம் இதற்குப் பேர்போனது. சிராவோடு குழம்புவதிலும் நியாயம் இருக்கிறது, இரண்டும் ஒரே குடும்பம். சிராவின் பெற்றோரில் ஒன்று வெள்ளை மோந்தூஸ் என்று மரபணு ஆய்வில் தெரியவந்தது. நாம் பேசும் சிவப்பு ஒயின் திராட்சையான கறுப்பு மோந்தூஸ் அந்த வெள்ளைக்கு நெருங்கிய சொந்தம். மிளகு வாசம் தரும் ரோட்டன்டோன் என்ற வேதிப்பொருள் சிராவிலும் உண்டு, இதிலும் உண்டு. அப்படியிருக்க, அந்த வாசம் எப்படி இரண்டையும் பிரித்துக் காட்டும்? சரி, வாசமே வரவில்லை என்றால்? அதை வைத்தும் மோந்தூஸைத் தள்ளிவிடக் கூடாது. ஐந்தில் ஒருவர் அளவுக்கு ரோட்டன்டோனை முகரவே முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் நாக்கைக் கேளுங்கள். மோந்தூஸில் புளிப்பு தூக்கலாக இருக்கும், வாயின் ஓரங்களில் எச்சில் ஊறும். துவர்ப்பு ஈறில் பிடிக்கும். கடைசியில் லேசான கசப்பு. ஆனால் ஒயினின் உடம்பு, அதாவது வாயில் உணரும் கனம், மெலிந்தது, ஆல்கஹால் பெரும்பாலும் 12 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், விழுங்கினால் தொண்டையில் சூடு தெரியாது. பிரான்ஸின் வட ரோன் பகுதிச் சிராவில் அந்தச் சூடும் சதைப்பற்றும் கூடுதல். எனக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் மற்ற எல்லாவற்றையும்விட உதவுகிறது.

நிறமும் ஏமாற்றும். கருஊதாவாக இருப்பதைப் பார்த்து வெயில் நாட்டு ஒயின் என்று முடிவுகட்டிவிட்டால், அப்புறம் புளிப்பைக்கூடக் கவனிக்க மாட்டோம். அதிகம் குளிரவைத்துச் சுவைப்பதும் வேண்டாம், வாசம் அடங்கித் துவர்ப்பு மட்டும் முரடாகத் தெரியும். 15 டிகிரி போதும்.

இத்தாலியின் ரெஃபோஸ்கோ திராட்சையும் மோந்தூஸும் ஒன்றே என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். மரபணு ஆய்வு அதை மறுத்துவிட்டது. ஆஸ்திரியாவின் பிளாவ்ஃபிராங்கிஷ் என்ற சிவப்பு ஒயின் திராட்சையைப் பிரித்தறிவதுதான் உண்மையிலேயே கஷ்டம். அதிலும் புளிப்பு, மிளகு, துவர்ப்பு எல்லாம் உண்டு.

பழகுவதற்கு ஆர்பன் மோந்தூஸ், வட ரோனின் குரோஸ்-எர்மிதாஜ் சிரா, ஒரு பிளாவ்ஃபிராங்கிஷ் மூன்றையும் அடுத்தடுத்து ஊற்றி வையுங்கள். முதலில் புளிப்பையும் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள், வாசத்தைப் பிறகு எழுதலாம்.