மலையுச்சிப் புத்தர் கோயிலுக்கு முதல் கார்ப் பயணம்: இறக்கத்தில் தொடங்கும் கணக்கு

மலைப்பாதையில் முதன்முறை வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு ஏற்றத்தை நினைத்துத்தான் பயம். வண்டி இழுக்குமா, பாதியில் மூச்சு வாங்குமா என்று. ஏற்றத்தில் திணறும் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் கைவிட்ட வண்டிதான் நிற்காது. ஆகவே, மாலையில் அடிவாரம் வந்து சேரவேண்டிய நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

1. நேரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

மாலை 6 மணிக்கு இருட்டுகிறது என்றால் 5 மணிக்கு அடிவாரத்தில் இருக்கவேண்டும். இறங்க ஒன்றரை மணி நேரம் என்றால் மேலேயிருந்து 3.30க்குக் கிளம்பவேண்டும். கோயிலில் 2 மணி நேரம், படியேறி இறங்க 1 மணி நேரம். அப்படியானால் வண்டியை 12.30க்குள் நிறுத்தியிருக்கவேண்டும், அடிவாரத்தை 11 மணிக்கே தாண்டியிருக்கவேண்டும். வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சாலை எங்கே முடிகிறது என்பதை முன்பே பாருங்கள். தாய்லாந்தின் தோய் சுதேப் கோயிலில் சாலையோரத்திலிருந்து 300க்கு மேற்பட்ட படிகள். மியான்மரின் போப்பா மலையில் 777. பூட்டானில் 3,120 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாரோ தக்சாங் மடத்துக்குச் சாலையே கிடையாது. போய்வரும் நடைக்கே அரை நாள் போய்விடும். பௌர்ணமி நாளில் கூட்டம் அதிகம். முதல் பயணத்துக்கு அந்த நாள் வேண்டாம்.

2. முந்தின நாள் வண்டியைப் பாருங்கள்

கூலன்ட், வைப்பர், விளக்குகள், ஸ்டெப்னியில் காற்று எல்லாம் வழக்கம்போல. டயரில் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று சொல்வார்கள். தார்ச்சாலைக்கு அது பொருந்தாது. ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவே சரி.

பிரேக் ஆயிலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 தரத்து (DOT 4) பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு வந்துவிடலாம். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். மிதிப்பது குமிழியை அமுக்குவதோடு சரி. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் அதையும்தான்.

3. ஏற்றம்

எரிபொருளை அடிவாரத்திலேயே நிரப்பிவிடுங்கள். டர்போ இல்லாத எஞ்சின், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் சக்தி இழக்கும். எஞ்சின் முனகத் தொடங்குமுன் கியரைக் குறைத்துவிடவேண்டும். கொண்டை ஊசி வளைவென்றால், வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். திரும்பும்போது கியரைத் தேடக்கூடாது.

கோயிலை நெருங்கும்போது வாகன வரிசை ஊர்ந்து போகும். புதியவர்கள் கிளட்ச்சைக் கருக்குவது இங்கேதான். அரைக் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, முன்னால் இடம் விட்டதும் கிளட்ச் பிடிக்கும் இடம் வரை விட்டு, ஆக்ஸிலேட்டர் கொடுத்து, பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

வெப்பமானி ஏறினால் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு வண்டிக்குள் வந்துவிடும். வியர்க்கும், பரவாயில்லை. அதற்கும் அடங்காவிட்டால் ஓரங்கட்டுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது: திறந்த கணத்தில் அழுத்தம் போய், கொதிநீர் முகத்தில் பீறிடும்.

4. மேலே

சரிவில் நிறுத்தும்போது மேல்நோக்கி என்றால் முதல் கியர், கீழ்நோக்கி என்றால் ரிவர்ஸ் கியர், சக்கரத்துக்கு ஒரு கல்.

தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். காலணியும் தொப்பியும் வெளியே. ஸ்தூபியை எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி வலம் வாருங்கள். உட்காரும்போது பாதம் புத்தர் சிலையைப் பார்க்கவேண்டாம். சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதும் வேண்டாம். இலங்கையில் சிலையை அவமதிப்பதாகப் படம் எடுத்தது வழக்கு வரை போயிருக்கிறது. தேரவாதப் பிக்குகளுக்கு (இலங்கை, தாய்லாந்து, மியான்மர் மரபைச் சேர்ந்தவர்கள்) உணவு அளிக்க நினைத்தால் நண்பகலுக்குள் அளிக்கவேண்டும். அதற்குப்பின் அவர்கள் உண்பதில்லை. அப்படியானால் மேலே போட்ட கணக்கை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளுங்கள்.

2,500 மீட்டருக்கு மேல் என்றால் தலைவலி, குமட்டலைக் கவனியுங்கள். இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கின் கீ மடம் 4,166 மீட்டரில் இருக்கிறது. மடம் வரை சாலை போகிறது. அங்கே ஆபத்தே அந்த வசதிதான்: உடம்பு பழகுமுன் வண்டி ஏற்றிவிடுகிறது. தலைவலி கூடினால் தரிசனத்தை விட்டுவிட்டு இறங்குங்கள்.

5. இறக்கம்

ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'L' (தாழ்ந்த கியர்) அல்லது '2'. பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், நேரான இடத்தில் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் பிரேக் ஆறும்.

நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பது பழைய கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய எஞ்சின்கள் கியரில் இருக்க ஆக்ஸிலேட்டரை விட்டால் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட எரிபொருள் செலவாகும். எஞ்சினையே அணைத்து உருட்டுவது அதைவிட மோசம். இரண்டு மூன்று மிதிக்குப்பின் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். மின்சார வண்டிக்காரர்கள் மேலே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றவேண்டாம்: நிறைந்த பேட்டரி இறக்கத்து ஆற்றலை வாங்கிக்கொள்ளாது, மோட்டார் தரும் பிடிப்பு குறைந்துவிடும்.

பனிமூட்டத்தில் விளக்கு டிம்மில்தான் இருக்கவேண்டும். பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். எதிரே ஏறிவரும் வண்டிக்கு நின்று வழிவிடுங்கள்.

கருகல் வாடை வந்தால், பெடல் பஞ்சுபோல அமுங்கினால், அகலமான முதல் இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். ஹேண்ட் பிரேக்கையும் அப்போது இழுக்கவேண்டாம், சூட்டில் ஒட்டிக்கொள்ளலாம். கியரும் கல்லும் வண்டியைத் தாங்கட்டும்.