காரைக்குடியில் அடுத்த சார்ஜர் எங்கே? நாமே கணக்கெடுக்கலாம்

மின்சாரக் கார் வாங்கிய நாளிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நம்ம ஊர்ல சார்ஜர் இருக்கா?" இருக்கிறது என்று சொன்னால் அது பாதி உண்மை. எத்தனை உருப்படியாக ஓடுகிறது, அடுத்தது எங்கே வந்தால் பிரயோஜனம் என்று பார்க்க இன்ஜினியராக இருக்க வேண்டாம். ஒரு நோட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

முதலில் பட்டியல்

ஈவி யாத்ரா, பிளக்‌ஷேர், அப்புறம் சார்ஜிங் கம்பெனிகளின் ஆப்கள் எல்லாவற்றையும் திறந்து, ஊரைச் சுற்றி இருக்கும் புள்ளிகளைக் குறியுங்கள். ஒரே இடம் மூன்று ஆப்பில் மூன்று பெயரில் வரும், அதை ஒன்றாகச் சேருங்கள். இடம், எத்தனை கன் (காரில் செருகும் முனை), எத்தனை கிலோவாட் (ஏற்றும் வேகம்), என்ன வகை பிளக், எத்தனை மணி வரை திறந்திருக்கும்: இந்த ஐந்தும் வேண்டும்.

பிளக் வகையில் ஏமாறாதீர்கள். இப்போதைய கார்கள் பெரும்பாலும் வேகமாக ஏற்றிக்கொள்வது சிசிஎஸ்-2 கன்னில். மெதுவாக ஏற்ற டைப்-2. பழைய 15 கிலோவாட் பாரத் டிசி-001 வகைக் கன் மட்டும் இருக்கும் இடத்தைப் புதுக் கார்க்காரருக்குப் பூஜ்ஜியம் என்றே எழுதுங்கள்.

அப்புறம் நேரில் போங்கள்

முக்கியமான வேலை இதுதான், எல்லாரும் தவிர்க்கிற வேலையும் இதுதான். ஒருமுறை ஆப் 'காலி' என்று காட்டிய இடத்துக்கு 11 சதவீதத்தோடு போய் நின்றேன். கன் முன்னால் ஒரு பெட்ரோல் கார் நிற்கிறது, மெஷினில் விளக்கே இல்லை. வாட்ச்மேன் நிதானமாகச் சொன்னார்: "ஓனர் வந்தாத்தான் சுவிட்ச் போடுவாங்கண்ணே." அன்றிலிருந்து என் நோட்டில் 'இருக்கிறது' ஒரு பத்தி, 'ஓடியது' தனிப் பத்தி. பகலில் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு தடவை பாருங்கள். வெளிச்சம், கழிப்பறை, தனியாக வரும் பெண் முக்கால் மணி நேரம் உட்கார முடியுமா என்பதையும் எழுதுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

40 யூனிட் பேட்டரி, 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற 24 யூனிட் வேண்டும். 3.3 கிலோவாட் சாக்கெட்டில் ஏழு மணி நேரத்துக்கு மேல். 7.4-இல் மூன்றேகால் மணி. 30 கிலோவாட் வேக சார்ஜரில் ஏறக்குறைய 50 நிமிடம். கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் எல்லாமே இன்னும் கூடும், வண்டி வாங்கிக்கொள்ளும் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இடம் தேர்ந்தெடுக்கும்போது இந்த மணிக்கணக்குதான் உதவும்.

இடம் தேடுவது

நகரத்தில் 3-க்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்றாவது, நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்றாவது என்று மத்திய மின்சார அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதல் சொன்னது. வரைபடத்தில் கட்டம் போட்டுப் பாருங்கள், ஓட்டைகள் உடனே தெரியும். ஆனால் கட்டத்துக்குக் கருவேலங்காடும் ஒன்றுதான், கோயில் வாசலும் ஒன்றுதான். அதனால் நான் கேட்பது வேறு: இந்த ஊருக்கு வருகிற ஆள் எங்கே, எவ்வளவு நேரம் சும்மா இருப்பார்?

பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் தரிசனம், பிரசாதம், செருப்பைத் தேடுவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். அங்கே கார் நிறுத்துமிடத்தில் 30 கிலோவாட் சரியாகப் பொருந்தும். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் பார்க்கப் போகிறவர் ஒரு பித்தளைக் குத்துவிளக்குக்குப் பேரம் பேசியே அரை மணி நேரத்தை ஓட்டிவிடுவார், ஆனால் தெரு குறுகல், வண்டி நிறுத்த இடமில்லை. கானாடுகாத்தானில் பழைய வீட்டு விடுதியில் இரவு தங்குகிறவருக்கு வேக சார்ஜர் எதற்கு? 7.4 இரண்டு போதும், காலை இட்லிக்குள் நிரம்பிவிடும். முகூர்த்த நாளில் சென்னை வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும் கல்யாண வீடுகளுக்கும் இதே கணக்குதான்.

கரண்டும் தண்ணீரும்

பக்கத்து டிரான்ஸ்பார்மரில் இருக்கும் தகட்டைப் படியுங்கள், அது எவ்வளவு சுமை தாங்கும் என்பது கேவிஏ கணக்கில் அதில் எழுதியிருக்கும். 100 கேவிஏவை நம்பித் தெருவே இருக்கும்போது ஒரு 60 கிலோவாட் சார்ஜரை அதில் மாட்டினால் சாயங்காலம் என்ன ஆகும் என்று லைன்மேனிடம் கேளுங்கள், அவர் முகமே பதில் சொல்லும். தனி டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டி வந்தால் செலவும் காத்திருப்பும் கூடும்.

மழையையும் விசாரியுங்கள். செட்டிநாட்டில் தண்ணீர் ஊருணியைப் பார்த்து ஓடும்படியே ஊரை அமைத்திருக்கிறார்கள், ஊருணிக் கரையில் காலியாகக் கிடக்கும் இடம் பார்க்க அம்சமாக இருந்தாலும் ஐப்பசியில் கணுக்கால் தண்ணீர் நிற்கலாம். எதிர்த்த டீக்கடையில் கேட்டால் போன வருஷம் எதுவரை நின்றது என்று கையால் காட்டிவிடுவார்கள். வீடுகளை அத்தனை படி உயர்த்திக் கட்டிய ஊரில் சார்ஜரைத் தரையோடு வைப்பது அநியாயம்.

மதிப்பெண்

காத்திருக்கும் நேரம், நிறுத்துமிடம், கரண்ட், மழை, இரவுப் பாதுகாப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போடுங்கள். கரண்டில் ஒன்று வாங்கிய இடத்தை மற்றதில் ஐந்து வாங்கினாலும் கீழே தள்ளிவிடுங்கள். பேட்டரி உள்ளிட்ட மின்வேதியியல் ஆராய்ச்சிக்கு 1953-லேயே சிக்ரி என்ற மத்திய ஆராய்ச்சி நிலையம் வந்த ஊர் இது, ஆனாலும் என் நோட்டில் முதலிடம் பிள்ளையார்பட்டி கார் நிறுத்துமிடத்துக்குத்தான். டிரான்ஸ்பார்மர் தகட்டின் போட்டோவையும் இந்தப் பட்டியலையும் மனுவோடு இணைத்துக் கொடுங்கள், வெறும் 'சார்ஜர் வேண்டும்' என்ற மனு பெட்டியோடு போய்விடும்.