கல்லீரல் மாறியது, மூச்சு திரும்பியது எப்படி?

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து திருவையாற்றுக்கு வந்தபோது புதுக் கல்லீரல் நன்றாகத்தான் இருந்தது. படுத்தியது நுரையீரல். வலது பக்கம் நீர் கோத்து, அடிப்பகுதி சுருங்கியிருந்தது. பலருக்கும் இப்படி வருவதுதான். அறுவைக் கீறல் உதரவிதானத்தை, அதாவது நுரையீரலுக்குக் கீழே மூச்சை இழுக்க உதவும் தசையை, ஒட்டி இருக்கிறது, வலிக்குப் பயந்து நாமும் மேலோட்டமாகவே மூச்சு விடுகிறோம்.

முதல் வேலை மூன்று பந்து கருவி, அதாவது மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே எழும் மூச்சுப் பயிற்சிக் கருவி. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "நல்லா ஊதுங்க" என்பார்கள். ஊதக் கூடாது, மெதுவாக உள்ளிழுத்து, பந்தைச் சில விநாடி மேலேயே நிறுத்த வேண்டும். இருமும்போது தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடித்தால் வலி குறைந்து சளி வெளியே வரும்.

அப்புறம் தொடை. ஸ்டீராய்டு மாத்திரையும் படுக்கையும் சேர்ந்து தசையைக் கரைத்துவிடுகின்றன. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது எனக்கு நடையைவிட அதிகம் உதவியது. எழும்போது மூச்சை அடக்காமல் உதட்டைக் குவித்து வெளியே விட வேண்டும்.

நடைக்குக் காவிரிக்கரை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் அளவு. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 90 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் உட்கார்ந்துவிடுவேன்.

தை அறுவடை வந்ததும் சாலையெல்லாம் நெல், வைக்கோல் தூசி. புதுக் கல்லீரலை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. வைக்கோல் பூஞ்சை நுரையீரலில் இறங்கினால் ஆபத்து. அதனால் நடை கூடத்துக்குள் மாறியது. "என்னங்க, தரை தேஞ்சிடும்போல" என்பாள் மனைவி. நெல் மூட்டையை மட்டும் இன்னும் தொடுவதில்லை. தையல் இடத்தில் குடலிறக்கம் வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.