கண்ணாடிநிலைப் பாலிமரின் முதுமையை மின்னளவீட்டில் காண்பது எப்படி?

ஒரு பாலிமரை அதன் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலைக்குக் (நெகிழ்வான பாலிமர் கண்ணாடிபோல் விறைக்கும் வெப்பநிலை) கீழே விரைவாகக் குளிர்வித்தால், மூலக்கூறுச் சங்கிலிகள் சமநிலையை எட்டும் முன்பே உறைந்துவிடுகின்றன. அதன்பின் அவை மெல்ல மெல்ல நெருங்கி அமைவதையே இயற்பியல் முதுமை என்கிறோம். இதில் வேதிப்பிணைப்பு எதுவும் அறுவதில்லை என்பதால், மீண்டும் சூடாக்கி இந்த முதுமையை அழித்துவிடலாம். செய்முறை முழுவதும் இந்த மீள்தன்மையையே நம்பியிருக்கிறது.

முதல் படியாக, மென்மையூட்டி கலவாத பிவிசி மென்படலம் ஒன்றை எடுத்து, அதன் இருபுறமும் உலோகத்தை ஆவியாக்கிப் படிய வைத்து மின்முனைகளை அமையுங்கள். தகட்டை வெறுமனே அழுத்தி வைத்தால் இடையில் சிக்கும் காற்று, மின்தேக்குத்திறனைக் குறைத்துக் காட்டும். படலத்தை நன்கு உலர்த்துவதும் அவசியம்; நீரின் மின்காப்பு மாறிலி (ஒரு பொருள் மின்தேக்குத்திறனை எத்தனை மடங்கு கூட்டும் என்ற எண்) ஏறத்தாழ 80 என்பதால், சிறிதளவு ஈரமும் நாம் தேடும் நுண்ணிய மாற்றத்தை மூழ்கடித்துவிடும்.

அடுத்து, பிவிசியின் மாற்ற வெப்பநிலை சுமார் 80 டிகிரி செல்சியஸ் என்பதால், படலத்தை 100 டிகிரியில் 20 நிமிடம் வைத்துப் பழைய முதுமையை அழித்து, உடனே 60 டிகிரிக்குக் குளிர்வித்து, அந்த வெப்பநிலை சற்றும் மாறாமல் காத்திடுங்கள். முதுமையின் கடிகாரம் குளிர்வித்த நொடியிலிருந்து ஓடத் தொடங்குகிறது.

இனி எல்சிஆர் மீட்டரால் (மின்தேக்குத்திறன் போன்றவற்றை அளக்கும் கருவி), குறைந்த அதிர்வெண்களில், மின்தேக்குத்திறனையும் இழப்புக் காரணியையும் (மின்னாற்றல் வெப்பமாக வீணாவதன் அளவு) 1, 2, 4, 8, 16 மணி என இரட்டித்துச் செல்லும் இடைவெளிகளில் அளந்திடுங்கள். முதுமை நேரத்தின் மடக்கையை (லாகரிதம்) பொறுத்தே பண்புகள் மாறுவதால், சம இடைவெளியில் அளப்பது வீண் உழைப்பு. ஒவ்வோர் அளவீடும் அதுவரை கடந்த முதுமை நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிய வேண்டும். இல்லையேல் அளக்கும்போதே பொருள் மாறிக்கொண்டிருக்கும்.

வரைபடத்தில் இழப்பு படிப்படியாகக் குறைவதைக் காண்பீர்கள். பிவிசி சங்கிலியிலுள்ள கார்பன்–குளோரின் இருமுனைகள் (ஒரு முனை சற்று நேர்மின்னும் மறுமுனை சற்று எதிர்மின்னும் கொண்ட பிணைப்புகள்) மின்புலத்தோடு திரும்ப இடம் வேண்டும்; கட்டற்ற பருமன் (சங்கிலிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம்) சுருங்கச் சுருங்க அவற்றின் அசைவு மந்தமாகிறது. பருமன் சுருங்குவதால் ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள இருமுனைகளின் எண்ணிக்கை சற்றே கூடுகிறது என்பது உண்மைதான்; ஆனாலும் அசைவு குறைவதே ஓங்கி நிற்கிறது. அயனிகளின் நகர்வும் தடைப்படுவதால் மின்கடத்துதிறனும் பொதுவாகக் குறைகிறது.

இறுதியாக, அதே படலத்தை மீண்டும் 100 டிகிரிக்குச் சூடாக்கி, முன்போலவே குளிர்வித்து அளந்திடுங்கள். முதல் வளைகோடு அப்படியே திரும்பினால் நீங்கள் கண்டது இயற்பியல் முதுமைதான். திரும்பாவிட்டால் ஈரமோ வேதிச்சிதைவோ மின்முனைப் பழுதோ குறுக்கிட்டிருக்கிறது.