'பேப்பர்' பி-யில் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்: நாம் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

ஆங்கிலச் சொற்களை எழுத்து வரிசைப்படி மனப்பாடம் செய்யாதீர்கள். வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி.க்கும் படிக்கிறவர்கள் இன்றைக்கு இந்த எழுத்து, நாளைக்கு அடுத்தது என்று சொற்களை நோட்டில் அடுக்கி, எதிரே ஒற்றை வார்த்தையில் தமிழ் அர்த்தம் போட்டு உருப்போடுவதை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்க்கலாம். உழைப்பில் குறையே இல்லை. ஆனால் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு சொற்களை அக்கம்பக்கத்தில் வைத்துப் படித்தால், பரீட்சை ஹாலில் எது எதன் அர்த்தம் என்று குழம்பத்தான் செய்யும். முதலில் ஒன்றை மட்டும், அது வழக்கமாக எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறதோ அதோடு சேர்த்துப் பிடியுங்கள். அது பழகிய பிறகு மற்றதைத் தொடுங்கள்.

'பேப்பர்' என்பதில் வருகிற பி-யையே எடுத்துக்கொள்வோம், தொல்லை அங்கேதான் அதிகம்.

பள்ளிக்கூடத்துப் பிரின்சிபலும், வீட்டுக் கடனில் வட்டி போக நிற்கிற அசலான பிரின்சிபலும் ஒரே சொல்தான், கடைசியில் 'ஏ-எல்' வரும். அதே ஒலியில் கடைசியில் 'எல்-ஈ' வந்தால் அது கொள்கை, தத்துவம். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தில் வருவது இதுதான். இரண்டும் காதில் ஒன்றாகவே விழும், ஆகவே உச்சரிப்பை நம்பிப் பிரயோஜனம் இல்லை. இலக்கணம்தான் கைகொடுக்கும்: 'எல்-ஈ' சொல் பெயர்ச்சொல்லாக மட்டும்தான் வரும், 'ஏ-எல்' சொல் பெயராகவும் வரும், 'முதன்மையான' என்று அடைமொழியாகவும் வரும். கோட்டையில் இருக்கிற முதன்மைச் செயலாளரும் நீதிமன்றத்து முதன்மை நீதிபதியும் 'ஏ-எல்' பிரின்சிபல். ஒரு திட்டத்துக்குக் 'கொள்கை அளவில் ஒப்புதல்' என்று பேப்பரில் போடுகிறார்களே, அந்த 'இன் பிரின்சிபிள்' 'எல்-ஈ'. இப்படி ஆளையும் செய்தியையும் சேர்த்து நினைவில் வைத்தால் மறக்காது.

'பெர்சனல்', 'பெர்சனெல்' விஷயம் வேறு. இவற்றைக் காதாலேயே பிரித்துவிடலாம். சொந்த விஷயம் என்றால் அழுத்தம் முதல் அசையில், பணியாளர்கள் என்றால் கடைசி அசையில், நடுவில் 'என்' இரண்டு முறை. ரயில்வேயில் இன்றும் ஊழியர் விவகாரங்களைப் பார்ப்பது 'பெர்சனெல் பிராஞ்ச்'தான். வேலைக்கு அனுப்பும் கடிதத்தில் 'பெர்சனல் மேனேஜர்' என்று எழுதினால் படிப்பவர் முகம் சுளிப்பார். இன்னொன்று, 'பெர்சனெல்' பன்மை, பின்னால் 'ஆர்' வரும், 'இஸ்' வராது.

ஒரே ஒரு எழுத்தில் அர்த்தம் தலைகீழாவதும் உண்டு. டாக்டர் மருந்து எழுதித் தருவது 'பிரிஸ்கிரைப்', அரசு ஒரு அமைப்பைத் தடை செய்வது 'புரோஸ்கிரைப்'. கிட்டத்தட்ட அதேபோல, முதல் சில எழுத்துகளில் மட்டும் மாறுவது இன்னொரு ஜோடி: வழக்குத் தொடர்வது 'பிராசிக்யூட்', துன்புறுத்துவது 'பெர்சிக்யூட்'. இங்கேயும் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஐகோர்ட்டில் அரசுத் தரப்பில் வாதாடுகிறவர் பப்ளிக் பிராசிக்யூட்டர்.

எழுத்துப்பிழை என்று பார்த்தால் 'புரொசீட்' ரொம்பப் பேரைக் கவிழ்க்கிறது. அதில் இரண்டு 'ஈ' சேர்ந்து வரும், ஆனால் அதிலிருந்து பிறந்த 'புரொசீஜர்' என்பதில் 'சி'க்குப் பிறகு ஒரு 'ஈ' போதும். 'முன்னால் வருவது' என்ற பொருளுள்ள 'பிரிசீட்' என்பதிலும் இரண்டு 'ஈ' சேர்ந்து வராது. வெளிநாடு போகிறவர்கள் எழுதுகிற ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.-இன் லிசனிங் பகுதியில் பதில் சரியாக இருந்தும் ஸ்பெல்லிங் தப்பினால் அந்த மதிப்பெண் போச்சு, அதனால் இதை அலட்சியமாக விடாதீர்கள். 'பிராக்டிஸ்' விஷயத்தில் பிரிட்டிஷ் வழக்கம் பெயர்ச்சொல்லுக்கு 'சி', வினைச்சொல்லுக்கு 'எஸ்'. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் 'சி'. அந்தத் தேர்வில் இரண்டு வழக்கமும் செல்லும், ஒரே கட்டுரையில் மட்டும் கலக்காதீர்கள்.

அப்புறம், நம் ஊரில் மட்டும் செல்லுபடியாகிற அர்த்தங்கள். பயோடேட்டாவில் '2019-ல் பாஸ்டு அவுட்' என்று எழுதாதவர்கள் குறைவு. இங்கே எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போனால் அது 'மயங்கி விழுந்தேன்' என்றுதான் படிக்கப்படும். பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடக்கிற 'பாஸிங் அவுட் பரேடு' சரியான ஆங்கிலம்தான், அது பயிற்சி முடித்து வெளியேறுகிற ராணுவ வழக்கு. கல்லூரிக்கு 'கிராஜுவேட்டட்' என்று போடுங்கள். ஒன்றை முன்தேதிக்கு மாற்றுவதைச் சொல்கிற 'பிரிபோன்' என்பதைப் பற்றி எனக்கு வேறு கருத்து. அது தப்பான ஆங்கிலம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே அதை இந்திய ஆங்கிலச் சொல்லாக ஏற்றிருக்கிறது. சென்னை ஓ.எம்.ஆர். சாலை ஆபீஸுக்குள் தாராளமாகப் பேசுங்கள், லண்டனுக்குப் போகும் மெயிலில் மட்டும் 'பிரிங் ஃபார்வர்டு' என்று எழுதுங்கள், ஏனென்றால் அங்கே இருப்பவருக்கு அந்தச் சொல் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஹோட்டலில் 'பார்சல்' கேட்பதும் அப்படித்தான், வெளிநாட்டில் பார்சல் என்றால் தபாலில் வருவது. சாப்பாட்டுக்கு லண்டனில் 'டேக் அவே', அமெரிக்காவில் 'டு கோ'.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதால் வருகிற தவறு ஒன்று இருக்கிறது, அதுதான் 'பிரிஃபர்'. 'டீயைவிட காபி பிடிக்கும்' என்று மனசில் ஓடுவதால் அந்த 'விட' நம்மை 'தேன்' (than) போட வைக்கிறது. 'பிரிஃபர்' வந்தால் இங்கே 'டு' தான்: 'ஐ பிரிஃபர் காஃபி டு டீ'. இதன் இறந்தகால வடிவத்தில் 'ஆர்' இரட்டிக்கும், 'பிரெஃபரன்ஸ்' என்று ஆகும்போது ஒரே 'ஆர்' தான். காரணம், முதலாவதில் அழுத்தம் இரண்டாம் அசையிலேயே நிற்கிறது, அடுத்ததில் முதல் அசைக்கு நகர்ந்துவிடுகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.